நிறம் அடுக்கில் இருக்கிறது

ஒரு பொருளுக்கு நிறம் வருவது அதில் உள்ள சாயத்தால்தான் என்று நினைத்துப் பழகிவிட்டோம். செல்லுலோஸை உற்றுப் பார்த்தால் இந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. பஞ்சாக இருக்கும்போது அது வெள்ளை. பூங்கொத்தைச் சுற்றும் செலோபேன் தாளாகும்போது கண்ணாடிபோலத் தெளிவு. அதன் நானோபடிகங்களைத் தண்ணீரில் கலந்து தட்டில் மெல்லக் காயவிட்டால், நீலமும் பச்சையும் சிவப்புமாக மின்னும் படலம். ஒரு துளி சாயமும் சேரவில்லை. மாறியது உள்ளே இருக்கும் அமைப்புதான்.

மரக்கூழை அடர் கந்தக அமிலத்தில் இட்டால், இழையின் தளர்வான பகுதிகள் கரைந்து, உறுதியான படிகங்கள் குச்சிகளாக மிஞ்சும். அகலம் 5 முதல் 10 நானோமீட்டர். நீளம் 100 முதல் 200. அமிலம் இவற்றின் மேல் எதிர்மின்னேற்றத்தை விட்டுச்செல்வதால், ஒன்றையொன்று விலக்கியபடி நீரில் மிதக்கின்றன. நீர் வற்ற வற்ற நெருக்கம் கூடி, ஒரு கட்டத்தில் தாமே வரிசை கட்டுகின்றன. கோரைப்பாய்களை அடுக்கும்போது ஒவ்வொன்றையும் கீழுள்ளதைவிடச் சற்றே திருப்பி வைத்தால் எப்படி இருக்கும்? அதே சுருள்தான் இங்கும். அதுவும் எப்போதும் இடக்கைத் திருகு. கனடாவின் மாண்ட்ரியலில் ரெவோல், டெரெக் கிரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1992இல் நீரில் இந்தச் சுருளைக் கண்டறிந்தார்கள். 1998இல் காய்ந்த படலத்திலும் அதைக் காட்டினார்கள். சுருளின் ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் தூரத்தை ஒளிவிலகல் எண்ணான 1.55ஆல் பெருக்கினால், நேராகப் பார்க்கும்போது தெரியும் ஒளியின் அலைநீளம் கிடைக்கும். சுற்றின் தூரம் 340 நானோமீட்டர் என்றால் பச்சை. கரைசலில் சிறிது உப்பிட்டால் சுற்று இறுகி நிறம் நீலத்தை நோக்கி நகரும். மீயொலியால் அதிரவைத்தால் சுற்று நீண்டு சிவப்பை நோக்கிப் போகும்.

அமிலம் விட்டுச்சென்ற ஏதோ ஒன்றுதான் நிறம் தருகிறதோ என்று கேட்கலாம். இதற்கு இரண்டு சோதனைகள் விடை சொல்கின்றன. அதே கரைசலைத் தகட்டில் வேகமாக இழுத்துப் பூசிக் குச்சிகளை ஒரே திசையில் படுக்கவைத்தால், பொருள் மாறாமலே நிறம் மறைந்து படலம் தெளிவாகிவிடும். இரண்டாவது, முப்பரிமாணத் திரைப்படத்துக்குத் தரும் வட்டமுனைவாக்கக் கண்ணாடி. சுருள் திருப்பி அனுப்புவது இடப்பக்கம் சுழலும் ஒளியை மட்டுமே. அதனால் ஒரு கண்வழி பார்த்தால் படலம் ஒளிர்கிறது. மறு கண்வழி மங்கிப்போகிறது. சாதாரணச் சாயம் எதுவும் இப்படி இடவலம் பிரித்துக் காட்டாது.

அழகாக இருந்தாலும் உதவுமா என்பது அடுத்த கேள்வி. குறைகள் மெய்யானவை. படலத்தைச் சாய்த்தால் நிறம் நீலப்பக்கம் நகர்கிறது. ஈரம் பட்டால் உப்பி, நிறம் மாறுகிறது. காப்பிக் கறைபோல விளிம்பில் வளையம் கட்டி, நடுவில் ஒரு நிறமும் ஓரத்தில் ஒரு நிறமுமாகக் காய்கிறது. ஆனால் இவை அனைத்தும் அடுக்கின் குறைகள். ஆகவே அடுக்கும் முறையைத் திருத்தினால் தீரக்கூடியவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு 2021இல், நீளமான சுருள்தாளில் தொடர்ச்சியாகப் பூசி உலர்த்தி, உரித்துப் பொடித்து, மினுமினுப்புத் துகள்களே செய்து காட்டியது. ஈரத்தில் நிறம் மாறும் குணமும் ஈரப்பதம் காட்டும் கருவிக்குப் பயன்படும். பிளாஸ்டிக் மினுமினுப்புத் தூளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை கொண்டுவந்த பிறகு, இத்தகைய மாற்றுக்கான தேவை வெறும் ஆய்வக ஆர்வமாக இல்லை.

சாயமில்லாத நிறம் நிலைக்குமா என்ற ஐயத்துக்கு இயற்கையே சான்று வைத்திருக்கிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் வளரும் போலியா கண்டென்சாட்டா என்ற செடியின் பழம், தோலிலுள்ள செல்லுலோஸ் சுருள்களாலேயே பளிச்சென்ற நீலமாகத் தெரிகிறது. 1974இல் கானாவில் சேகரித்து லண்டன் கியூ பூங்காவில் பாதுகாத்த பழங்களை 2012இல் ஆராய்ந்தபோதும் அந்த நீலம் குன்றவில்லை. சாயம் சிதைந்தால் நிறம் போகும். அங்கே சிதைவதற்குச் சாயமே இல்லை. ஆகவே இந்தத் துறையில் தேட வேண்டியது புதிய நிறமியை அல்ல. ஒரு சொட்டு நீர் வற்றும் நேரத்தில் கோடிக்கணக்கான குச்சிகளை ஒழுங்காகத் திரும்பவைக்கும் பக்குவத்தை.