பாட்டுப் பெட்டி – 14: முன்பக்கம் மினுக்கு, பின்பக்கம் கணக்கு

சென்ற வாரம் பார்த்த இசைத்தட்டு ஊசி தருவது சில மில்லிவோல்ட் சிக்னல்தான். அதை ஸ்பீக்கரின் கோனை ஆட்டும் அளவுக்குப் பெருக்கித் தருவது ஆம்ப்ளிஃபயர். புதிதாக வாங்கப் போனால் விலை மிரட்டும். அதனால் பழையதைத் தேடிப் போகிறவர்கள் பலர். நானும் அந்தக் கட்சிதான்.

கடைக்காரர் ஆம்பின் முகத்தை நம் பக்கம் திருப்பி வைத்திருப்பார். நீல விளக்கு, ஆடும் முள், உருட்டினால் வழுக்கிப் போகும் அலுமினியக் குமிழ். மயங்காமல் பெட்டியைத் திருப்பச் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜ். ஜப்பானின் உள்ளூர் விற்பனைக்குச் செய்த பெட்டி 100 வோல்ட்டில் ஓடும், அமெரிக்கப் பெட்டி 120-இல். நம் வீட்டு பிளக்கில் வருவதோ 230. சில மாடல்களில் பின்னால் வோல்டேஜை மாற்றும் திருகு இருக்கும். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அப்படியே சொருகி, ஃபியூஸோடு போனால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது வாட்ஸ். தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் அட்டைப் பெட்டிகளில் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பெட்டி உண்மையில் தந்தது பத்து வாட்ஸ் இருந்தாலே அதிகம். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் கணக்கை மட்டும் நம்புங்கள். 1978-இல் வந்த நாட் 3020 என்ற ஆம்ப் வெறும் 20 வாட்ஸ்தான். உலகமெங்கும் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு ஓரளவுதான் தெரியும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், ஆம்பை மாற்றாமலே அதே பலன் கிடைத்துவிடும்.

வயர் மாட்டும் இடத்தின் அருகே ஓம் கணக்கு இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே சானலில் பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம் ஆகிவிடும், 4 ஓம் இரண்டானால் 2. ஓம் குறையக் குறைய ஆம்ப் கூடுதல் கரண்ட்டைத் தள்ள வேண்டும். சூடேறி, கடைசியில் அவுட்புட் டிரான்சிஸ்டர் வெடிக்கும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது விலை பேசும் முன்பே முன்பக்கத் துணியைக் கழற்றுங்கள். கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமா, ரப்பரா? ஃபோம் என்றால் இருபது வருடத்துக்குள் உளுத்துவிடும். ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரமாகவே போகும். விரலால் தொட்டால் கருப்புப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். மெல்ல ஒலிக்கும்போது குறை தெரியாது. வால்யூமை ஏற்றினால் பேஸ் கரகரக்கும். அதற்காக ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டாம். வளையத்தை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஃபோம் உளுத்த நல்ல ஸ்பீக்கரே பழைய சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சரக்கு என்பேன். வாய்ஸ் காயில் உரசுகிறதா என்று கோனை இரு பக்கமும் சமமாக அழுத்திப் பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மாட்டிவிடத்தான் கை பரபரக்கும். ஆனால் ஸ்பீக்கரைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். முதலில் மெக்கானிக்கிடம் சீரிஸ் லேம்ப் போட்டு ஆம்பை ஆன் செய்யச் சொல்லுங்கள். 100 வாட் குண்டு பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அதைத் தாண்டியதும் பல்பை எடுத்துவிட்டு நேர் மின்சாரத்தில் ஆன் செய்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனையில் டி.சி. வோல்டேஜை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால், அந்த ஆம்ப் உங்கள் ஸ்பீக்கரின் காயிலைக் கருக்கக் காத்திருக்கிறது. வால்யூம் குமிழின் கரகரப்பு மட்டும் பெரிய விஷயமில்லை, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும்.

வயருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம், வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். சிவப்போடு சிவப்பு, கருப்போடு கருப்பு. நிறம் அழிந்திருந்தால், ஆம்பில் மாட்டாத ஸ்பீக்கரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பெரும்பாலும் சிவப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும். பாடகர் குரலும் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும்.

குரல் நடுவில் நிற்க இடமும் சரியாக அமைய வேண்டும். பல வீடுகளில் ஒரு ஸ்பீக்கர் ஃபிரிட்ஜ் மேலும் இன்னொன்று பீரோ மேலும் உட்கார்ந்திருக்கும். அது ஸ்டீரியோ இல்லை, இரண்டு மோனோ. இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் உட்காரும் நாற்காலிக்கும் உள்ள தூரமும் சமமாக வரட்டும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் உப்பிப்போய்ப் பாட்டை விழுங்கும். ஒவ்வொரு சாணாக முன்னே இழுத்துக் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட்)