பழைய காருக்கு டில்ட் ஸ்டீயரிங்: மெக்கானிக் சொல்ற விலையில வராத கணக்கு

வழக்கமா மியூச்சுவல் ஃபண்ட், வரின்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு கார் பார்ட். இதுவும் பண விஷயம்தான், படிச்சுப் பாருங்க.

நீங்க வெம்பக்கோட்டை பக்கம் ஒரு பட்டாசு ஆலையில ஃபோர்மேன்னு வச்சுக்குவோம். தீபாவளி போனஸோட கொஞ்சம் சேமிப்பையும் போட்டு, பதிமூணு வருஷ பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கீங்க. மேனுவல் கியர், பேஸ் வேரியண்ட். சிவகாசி, சாத்தூர்னு தினமும் ஓட்டம். ஸ்டீயரிங் தொடையில இடிக்குது. சீட்டைப் பின்னால தள்ளினா கிளட்ச் முழுசா எட்டல. ஆட்டோமேட்டிக் கார்ல இந்தக் கஷ்டம் குறைவு, இடது காலுக்கு வேலையே இல்ல. மேனுவல்ல கிளட்சுக்காகத்தான் சீட் முன்னால வரணும், சீட் முன்னால வந்தா ஸ்டீயரிங் மடியில வந்து நிக்கும்.

மெக்கானிக் சொல்வார்: "இதே மாடல் டாப் வேரியண்ட்ல டில்ட் இருக்குண்ணே. காலம் அசெம்பிளியோட கழட்டி மாட்டிடலாம், எட்டாயிரம் ஆகும்." (எட்டாயிரம் நான் எடுத்துக்கிட்ட உதாரண எண். உங்க ஊர் விலையை நீங்க போட்டுக்கோங்க.)

இந்த எட்டாயிரம் அதோட நிக்காது. காலம் மாறினா அதைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் கவர் பொருந்தணும். இக்னிஷன் லாக் மாறினா வண்டிக்கு ரெண்டு சாவி ஆகும், இம்மொபிலைசர் இருந்தா அது தனிச் செலவு. எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பல சின்ன கார்கள்ல மோட்டாரே காலத்துல தான் உட்கார்ந்திருக்கும், அதனால மோட்டாரும் கண்ட்ரோல் யூனிட்டும் ஒத்துப்போகணும். முடிச்சதும் வீல் அலைன்மென்ட். எல்லாம் சேர்த்து இன்னொரு 4,500 வச்சா மொத்தம் 12,500. காரோட ஐடிவி 1,20,000 ரூபாய்னா, இது பத்து சதவீதத்துக்கும் மேல. வித்தா திரும்பி வருமா? வராது. பழைய கார் வாங்குறவர் வேரியண்ட் பேரையும் வருஷத்தையும் பார்த்துத்தான் விலை பேசுவார். "டில்ட் மாட்டியிருக்கேன்"னு நீங்க சொன்னா "எதுக்குக் கழட்டினீங்க?"ன்னு அவர் கேட்பார்.

இதைவிடப் பெரிய விஷயம் அந்தக் காலம் எங்கிருந்து வருதுங்கறது. புதுப்பேட்டையோ உள்ளூர் காயலான் கடையோ, அங்க வர்ற கார்கள்ல நிறைய விபத்துல அடிபட்டவை. ஸ்டீயரிங் காலம் வெறும் இரும்புக் குழாய் இல்ல. முன்னால மோதினா அது மடங்கி உள்ள அமுங்கி, டிரைவர் நெஞ்சுல விழற அடியைக் குறைக்கிற மாதிரி செய்யப்பட்டது. ஒரு தடவை அமுங்கினா அதோட வேலை முடிஞ்சது. நேரா மோதின கார்ல இருந்து கழட்டி, தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடிச்ச காலத்தை வெளியில இருந்து பார்த்தா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏர்பேக் உள்ள காரா இருந்தா ஸ்டீயரிங்குக்குள்ள சுருள் கேபிள் ஒண்ணு இருக்கும். அதை நடுவுல சரியா வைக்காம மாட்டினா அறுந்துபோகும், டேஷ்போர்டுல ஏர்பேக் லைட் எரியும். அந்த லைட்டைப் பார்க்காம ஓட்டுறவங்க நம்ம ஊர்ல எத்தனை பேர்னு நான் சொல்லணுமா?

ஆட்டோமேட்டிக் கார் காலம் மலிவா கிடைக்குதுன்னு ஒருத்தர் சொன்னா கொஞ்சம் நில்லுங்க. நிறைய ஆட்டோமேட்டிக் கார்கள்ல கியர் 'பார்க்'ல இருந்தாத்தான் சாவி வெளிய வரும். மேனுவல்ல பார்க் ஏது? அந்தப் பூட்டைக் கழட்டி ஏமாத்தணும். திருட்டுப் பூட்டுல இப்படிக் கை வைக்கிறது எனக்குப் பிடிக்கல.

(அப்பா காலத்து அம்பாசடர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதுல கியர் லிவரே ஸ்டீயரிங் காலத்துல தான். காலத்தைச் சாய்ச்சா கியர் லிங்கேஜும் சாயும். ஆசையை இப்பவே விட்டுடுங்க.)

அடுத்து சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதுக்கு மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில ஜெயச்சந்திரா வழக்குல உச்ச நீதிமன்றமும் இதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தம் 182ஏ பிரிவை மாத்தி எழுதுச்சு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டும். ஸ்டீயரிங் காலம் ஆர்சியில வர்ற விவரம் இல்லையேன்னு வாதாடலாம். கம்பெனியே அதே மாடலுக்குக் கொடுத்த பார்ட்னா அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. வேற மாடல் காலத்தை வெல்டிங் பண்ணி மாட்டினா எந்த வாதமும் நிக்காது. உடல் குறைபாடு உள்ளவங்களுக்கு வண்டியைத் தகுந்தபடி மாத்தி ஆர்டிஓவுல பதிவு பண்ண சட்டத்துலயே தனி வழி இருக்கு, அவங்க அந்த வழியிலேயே போகணும்.

இன்சூரன்ஸ்லதான் உண்மையான அடி விழும். மாற்றத்தைச் சொல்லாம விட்டா, உங்க வண்டி சேதத்துக்கான கிளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ கம்பெனிக்கு ஒரு காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீங்க. "எனக்கு தர்ட் பார்ட்டி மட்டும்தான்"னு சொல்றீங்களா? அதோட உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கும். ஒரே சம்பளத்துல ஓடுற வீட்டுக்கு அந்த 15 லட்சம் எவ்வளவு பெரிய தொகை! 8,000 ரூபாய் வேலைக்காக அதுல ஒரு கேள்விக்குறி போடலாமா?

கார் கடை பேர்ல இருக்கிறவங்க "ஜிஎஸ்டி பில் வாங்கி கிரெடிட் எடுத்துக்கலாமா"ன்னு கேட்பீங்க. வாடகைக்கு ஓட்டுறது, டிரைவிங் ஸ்கூல் மாதிரி சில தொழில்களைத் தவிர, சாதாரண காரோட ரிப்பேருக்கும் இன்புட் கிரெடிட் கிடையாது. அனுமான வருமான முறையில வரி கட்டுறவங்களுக்கு இதைத் தனிச் செலவாகவும் காட்ட முடியாது.

அப்போ தொடையில இடிக்கிறதுக்கு என்ன வழி? முதல்ல சீட்டைப் பாருங்க. பழைய கார்ல ஃபோம் அமுங்கி நீங்க ஒரு பக்கமா சாய்ஞ்சு உட்கார்ந்திருப்பீங்க. ஃபோம் மாத்தி, முதுகுச் சாய்வை ஒண்ணு ரெண்டு கிளிக் நிமிர்த்திப் பாருங்க. கிளட்ச் கேபிள் அட்ஜஸ்ட்மென்டையும் பார்க்கச் சொல்லுங்க. பெடல் பாதி தூரம் சும்மா போகுதுன்னா, அதுக்காகத்தான் நீங்க சீட்டை முன்னால இழுத்துக்கிட்டிருப்பீங்க. பெரும்பாலும் இது ஆயிரங்கள்ல இல்ல, நூறுகள்ல முடியற வேலை.

அதுக்கும் சரிவரலேன்னா, உங்க கார் வருஷத்துக்கும் மாடலுக்கும் உரிய புது காலம் பார்ட் நம்பர் என்னன்னு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், 28 இல்ல, பில்லுல பார்த்துக்கோங்க. அங்கேயே மாட்டச் சொல்லி வேலை பில்லும் வாங்குங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில்: பாலிசி நம்பர், பார்ட் நம்பர், யார் மாட்டப் போறாங்க, இதுக்கு எண்டார்ஸ்மென்ட் வேணுமா. நாலு வரி போதும். எழுத்துல பதில் வர்ற வரைக்கும் மெக்கானிக்குக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.