சலவைச் சவுக்காரம்: செய்தலும் சோதித்தலும்

தென்னந்தோப்பு உடையவர்கள் வீட்டுக்கு வேண்டிய சலவைச் சவுக்காரத்தைத் தாமே செய்துகொள்ளலாம். ஆயினும் நிறையில் பிழை நேர்ந்தால், துணி வெளுக்குமுன் கை வெந்துவிடும்.

தேங்காயெண்ணெய் 1 கிலோவுக்குக் காஸ்டிக் சோடா 178 கிராமும் தண்ணீர் 360 கிராமும் வேண்டும். எண்ணெயை அளக்கலாகாது, தராசில் நிறுக்கவேண்டும். 1 லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராமே இருக்கும். அதனை 1 கிலோவாகக் கொண்டால் காரம் மிஞ்சிவிடும். கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் அணிந்து, குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டுத் தொடங்குக. சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடுக. சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மேலே பட்டால் ஏராளமான நீரால் கழுவுக. அலுமினியப் பாத்திரம் கூடாது. கரைசல் ஆறியபின் எண்ணெயில் மெல்ல ஊற்றி, கூழ்போலாகும்வரை கிளறி, அச்சில் வார்த்து, மறுநாள் அறுத்து, 4 வாரம் உலரவிடுக.

மஞ்சள் சிவந்தால் காரம் மிகை என்று சிலர் முடிவு செய்கின்றனர். அது பொருந்தாது, நல்ல சவுக்காரமும் மஞ்சளைச் சிவக்கச் செய்யும். அறுக்கும்போது கட்டியினுள் நீர் தேங்கியிருந்தால் அது காரநீர், அக்கட்டியை உபயோகிக்கலாகாது.

கட்டி நன்றாயிருந்தும் நுரை வராவிடில் கிணற்று நீரைச் சோதிக்கவேண்டும். ஒரு கிராமத்தில் நான் செய்துகாட்டிய சவுக்காரம் நுரைக்காமல் தயிர்போல் திரிந்தது. என் நிறுவையையே ஐயுற்றேன். பின்னர் ஒரு சீசாவில் மழைநீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் எடுத்து, அதே கட்டியின் சீவல்களை இட்டுக் குலுக்கினேன். மழைநீர் நன்கு நுரைத்தது. கிணற்று நீரிலிருந்த சுண்ணாம்புச் சத்தே குற்றவாளி. அத்தகைய நீரில் முதலில் சிறிது சலவைச் சோடா கரைத்தால் சவுக்காரம் வீணாகாது.

கிராம அதிகாரிகள் இச்சோதனையைப் பொதுக்கிணற்று நீரில் செய்துகாட்டுவார்களாயின், எண்ணெய் வாங்குமுன்னரே ஊரார் விவரம் அறிவர்.