கொய்யாவைக் கடித்தது யார்?

கொய்யா மரத்தடியில் பாதி தின்ற பழங்கள் சிதறிக் கிடந்தால் பழி நேராக அணிலின் மேல்தான் விழும். பட்டப்பகலில் கிளையில் உட்கார்ந்து கொறித்து மாட்டிக்கொள்கிற பிராணி அது ஒன்றுதான். எலியும் பழந்தின்னி வௌவாலும் ராத்திரியில் வந்து போய்விடுகின்றன. ஆளைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து வாங்கக் கடைக்குக் கிளம்பினால் மருந்துக்குப் பலியாவது வேறு யாராவதாக இருக்கும்.

விடிந்ததும் மரத்தடியைப் பாருங்கள். அணில் பெரும்பாலும் பழம் கிளையில் தொங்கும்போதே ஒரு பக்கமாகக் குடைந்து தின்னும். தோலில் சின்னச் சின்னப் பல் வரிகள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். வௌவால் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். மென்று அழுத்திய நார் உருண்டைகள் கீழே கிடந்தால் வந்தது அதுதான். கொக்கோ போட்டிருக்கும் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: கொக்கோக் காயின் நடுவில் ஓட்டை என்றால் அணில், காம்பருகே என்றால் எலி. தென்னையில் குரும்பை ஓட்டையோடு உதிர்ந்தால் எலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அணில் கடித்த பழம் இனிக்கும் என்று தேடிப் பொறுக்கித் தின்கிற பழக்கம் நமக்கு உண்டு. கடித்தது வௌவாலாகவும் இருக்கலாம். நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இயல்பாகவே இருப்பது. 2018-ல் கோழிக்கோட்டில் அந்த நோய் உயிர்களைப் பறித்தபோது, கடிபட்ட பழங்களை உண்ண வேண்டாம் என்று கேரளம் எச்சரித்தது. கடிபட்டதைப் புதைத்துவிடுங்கள். கடித்த இடத்தை மட்டும் நறுக்கி எறிந்துவிட்டுச் சாப்பிடுவதும் வேண்டாம்.

இனி சட்டம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டுமல்ல. கண்ணி வைப்பதும், பொறியில் பிடிப்பதும், விஷம் வைப்பதும் அதில் அடங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற மலையடிவாரத் தோப்புகளுக்கு வரும் சாம்பல் நிற மலை அணில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வீட்டு முற்றத்து வரி அணிலுக்கு இவ்வளவு கடுமை இல்லை. ஆனாலும் 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் எல்லா உயிருக்கும் பொருந்தும். அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான் என்பது வேறு விஷயம். பஸ் டிக்கெட் காசு! பொறி வைக்கும் எண்ணம் இருந்தால் முதலில் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விஷத்தைப் பொறுத்தவரை சட்டத்தைவிட உங்கள் வீட்டுக்குள் வரும் ஆபத்துதான் பெரிது. தேங்காய்த் துண்டில் தடவிவைக்கும் துத்தநாகப் பாஸ்பைடு வயிற்றில் பாஸ்பீன் வாயுவாக மாறுகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலைக் கெடுத்துக் கொல்லும். தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்கே தடை இருக்கிறது. தோட்டத்தில் விளையாடும் குழந்தைக்கு அந்தத் துண்டு வெறும் தேங்காய்தான். விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையும் பூனையும் சேர்ந்தே சாகக்கூடும். அப்புறம் எலி பெருகுவதைக் கேட்க ஆளில்லை. வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுப்பது மனிதரைக் கொல்லும் வேலை. அந்தப் பக்கமே போகக் கூடாது.

அணிலை ஒழிக்க நினைப்பது வீண். ஒன்றைப் பிடித்தால் அடுத்த தெருவிலிருந்து இன்னொன்று வரும். காக்க வேண்டியது பழத்தைத்தான். கொய்யா எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பையோ பட்டர் பேப்பர் பையோ மாட்டிக் கட்டிவிட்டால் பழ ஈயும் அண்டாது. பழம் நன்றாகப் பழுத்து மணம் வீசினால் அணில் பேப்பரைக் கிழித்தும் தின்னும் என்பதால், நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். சப்போட்டா, மாம்பழத்துக்கும் இது சரிப்படும். மாதுளை பறித்தபின் பழுக்காது. அதற்குப் பைதான் வழி. அணிலை விரட்டத் தெளிக்கும் மிளகாய்க் கரைசல் முதல் மழை வரைக்கும்தான் தாங்கும். மிரட்டத் தொங்கவிட்ட பழைய சிடியின் மேலேயே அணில் ஏறி விளையாடும்.

தென்னையில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத் தகரத்தைச் சுற்றி அடித்தால் எலியும் அணிலும் ஏறாது, மட்டை பக்கத்து மரத்தையோ மாடியையோ தொடாதவரை. பாலமாக இருப்பது பக்கத்து வீட்டுக் கிளை என்றால் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் எல்லைக்குள் நீண்டிருக்கும் பகுதியை வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கிளையும் காயும் அவர்களுடையதுதான். சுவர் தாண்டிப் போய் வெட்ட முடியாது.

இளங்கன்றுகளைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். அணிலின் முன்பல் ஆயுள் முழுக்க வளர்வது. அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். சொட்டுநீர்க் குழாயைக்கூட விடாது. தண்டைச் சுற்றி முழு வளையமாகப் பட்டை போய்விட்டால் கன்று பிழைப்பது கஷ்டம். அரை இஞ்ச் கண்ணுள்ள கம்பி வலையை, தண்டில் படாமல் தளர்வாகச் சுற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் காயம் என்றால் போர்டோ பசை தடவினால் போதும். மற்றச் சந்தேகங்களுக்கு உழவர் அழைப்பு மையம் 1800-180-1551.

அணில் கையைக் கடித்துவிட்டால் ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் பூசிக் கட்டுவதெல்லாம் வேண்டாம். அணிலால் ரேபிஸ் வருவது மிக அரிது. தடுப்பூசி தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.