திருக்காவலூர்

லப்பைக்குடிக்காட்டிற்குத் தென்கிழக்கே, அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையில், கொள்ளிடத்தின் வடகரையை அடுத்து ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள கிறித்தவக் கோயில் அடைக்கல மாதா கோயில் எனப்படும்.

முற்காலத்தில் கொள்ளிடத்திற்குத் தெற்கே தஞ்சை மராட்டியர் ஆட்சி நிலவிற்று. வடக்கே அரியலூர் மழவராயர் ஆண்டனர். 1701ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டில் கிறித்தவர் பெருந்துன்பம் எய்தினர். வீடும் நிலமும் துறந்து ஆற்றைக் கடந்து வந்தோர்க்கு வடகரை புகலிடமாயிற்று. அன்று காடடர்ந்திருந்த இவ்வூரில் அன்னைக்கு ‘அடைக்கல மாதா’ என்னும் பெயர் வழங்கியது எத்துணைப் பொருத்தம்!

1680இல் இத்தாலியிற் பிறந்து, 1710இல் இந்தியா போந்த பெஸ்கி பாதிரியார் இங்குத் தங்கித் தொண்டாற்றினார். தைரியநாதர் என முதலில் அழைக்கப்பெற்ற அவரே பின்னர் வீரமாமுனிவர் என்னும் தமிழ்ப்பெயரால் விளங்கினார், செவிக்கினியது பின்னதே. ஊருக்கும் அவர் ‘திருக்காவலூர்’ எனப் பெயர் சூட்டினார். காவல் தரும் ஊர் காவலூர். திருக்காவலூர்க் கலம்பகமும் அடைக்கல மாலையும் இவ்வன்னை மீது அவர் பாடியவை. தேம்பாவணி இயற்றிய பெரும்புலவர், காட்டூர்க் கோயிலுக்கெனத் தனிநூல்கள் யாத்தமை போற்றத்தக்கது.

மழவராயர் ஒருவரது பிளவை நோயை முனிவர் இவ்வூர் மண்ணும் நீரும் கொண்டு தீர்த்தார் என்பது செவிவழிச் செய்தி. அது எவ்வாறாயினும், மழவராயர் இக்கோயிலுக்கு நிலம் வழங்கியமை கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளது. வேற்றுச் சமயத்தவரான அவ்வரசர் அளித்த கொடை அது. முனிவர் 1747இல் மறைந்தார். இன்று இக்கோயில் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சார்ந்துள்ளது. பல சமயத்தாரும் இங்கு வந்து வழிபடுகின்றனர்.