புதுக் காமிராவா, பழைய லென்ஸா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தசரா முடிந்த மறுவாரம் நம் வீடுகளில் நடக்கும் பேச்சைக் கேட்டால் இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வரும். ஜம்பு சவாரி யானை கலங்கலாக விழுந்திருக்கும். விழா மேடையில் ஆடிய குழந்தையின் முகம் இருட்டாக இருக்கும். "அப்பா, இந்தக் காமிரா ரொம்பப் பழசு. எல்லாரும் மிர்ரர்லெஸ்ஸுக்குப் போயிட்டாங்க" என்று பிள்ளை ஆரம்பிப்பான். "மாதத் தவணையில் கொடுக்கிறார்களாமே" என்று தாயார் சிபாரிசு செய்வார். அப்பா வங்கிப் பாஸ் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவார்.

பிள்ளை சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. சில சமயம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதுண்டு. ஆனால் எந்த மூலையில் கோணல் என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டையே இடித்துக் கட்டுவது புத்திசாலித்தனமா? காமிராவில் கோணல் பெரும்பாலும் லென்ஸின் பக்கம் இருக்கிறது. அதைக் குறைந்த செலவில் நிமிர்த்த வழியும் இருக்கிறது.

கிருஷ்ணனின் ஒட்டுக் காமிரா

நம்மவர் ஒருவரின் உதாரணத்தை முதலில் பார்ப்போம். தமிழ் நாவல் முன்னோடிகளில் ஒருவரான அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996). இந்தியக் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர்களில் தலையாயவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை தொடர்ந்து எழுதியவர். பத்மஸ்ரீ விருது பெற்றவர். நமக்குப் பக்கத்திலுள்ள முதுமலை போன்ற காடுகளில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

அந்தப் படங்களை எடுத்த கருவி எது தெரியுமா? வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்களை ஒன்றாக இணைத்து அவரே அமைத்துக்கொண்ட ஒரு காமிரா. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். அவருக்கு வேண்டியது என்னவென்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதற்கேற்ற பாகங்களைச் சேர்த்துக்கொண்டார். கடைக்காரர் எதை விற்கிறார் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். 2006-ல் அவருடைய படங்களும் எழுத்துக்களும் ஆங்கிலத்தில் பெரிய நூலாக வந்தன. கிருஷ்ணனைப் போல நாம் காமிராவைப் பிரித்துக் கோக்க வேண்டாம். அவரைப் போல, நமக்கு என்ன தேவை என்று கேட்டுக்கொண்டால் போதும்.

பழைய படங்களைப் பிரித்து வையுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை ஒதுக்குங்கள். கடந்த ஓராண்டில் எடுத்த படங்களில் திருப்தி தராத ஐம்பதை எடுத்து, காரணத்தின்படி பிரித்துப் பாருங்கள். கை ஆடியதால் கெட்டவை ஒரு பக்கம். வெளிச்சம் போதாமல் கெட்டவை ஒரு பக்கம். தூரத்தில் சின்னதாக விழுந்தவை ஒரு பக்கம். நேரம் தவறி எடுத்தவை ஒரு பக்கம். எந்தக் குவியல் பெரிதோ அதுதான் உங்கள் குறை. நம் ஊர்க் காட்சிகளையே வைத்து விளக்குகிறேன்.

அரண்மனை விளக்கு அலங்காரம்: பழைய மர அரண்மனை 1897-ல் தீக்கிரையான பிறகு, ஹென்றி இர்வின் வரைபடம் தயாரித்து 1912-ல் கட்டி முடிக்கப்பட்டது இப்போதுள்ள அரண்மனை. ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் எரியும்போது படமெடுக்கப் புதுக் காமிரா தேவையே இல்லை. காமிராவோடு வந்த 18–55 மி.மீ. லென்ஸ் போதும். முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 என்று வைத்து, இரண்டொரு விநாடி திறந்தால் ஒவ்வொரு பல்பும் தெளிவாக விழும். முக்காலிக்கு அனுமதி இல்லையென்றால் ஒரு கைப்பிடிச் சுவர் போதும். ஏப்ரல், மே மாதங்களில் விளக்கேற்றும் 7 மணிக்கு வானத்தில் நீலம் கொஞ்சம் மிச்சமிருக்கும். படம் இன்னும் சோபிக்கும். இங்கே குறை லென்ஸிலும் இல்லை, பாடியிலும் இல்லை.

மேடை நிகழ்ச்சி: பொங்கல் விழாவில் குழந்தை ஆடுகிறாள். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. 18–55 லென்ஸை 55-ல் வைத்தால் அதன் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் 1/15 விநாடிக்கு இறங்கிவிடும். ஆடும் கை மங்கிப்போகும். அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/15 இருந்த இடத்தில் 1/125 தாராளமாகக் கிடைக்கும். அதே காமிராதான், ஆனால் கை நிற்கும், கண் மின்னும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எஃப் 1.8-ல் ஒரு முகம்தான் கூர்மையாக விழும். பத்துப் பேர் நிற்கும் குரூப் போட்டோவுக்கு எஃப் 5.6-க்குக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

ரங்கனதிட்டு: சலீம் அலியின் யோசனையின்பேரில் 1940-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். இங்கே படகே நம்மைப் பறவைகளின் அருகில் கொண்டுபோய் விடுகிறது. பாறைமேல் சிறகு விரித்துக் காயும் பாம்புத் தாராவுக்கும், கூட்டில் நிற்கும் நாரைக்கும் 55–250 அல்லது 70–300 மி.மீ. லென்ஸ் பெரும்பாலும் போதும். படகு ஆடுவதால் ஷட்டரை மட்டும் 1/1000 அளவுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். பீரங்கி போன்ற லென்ஸை வைத்திருப்பவரைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை.

பட்டப்பகலில் வீட்டு வாசலில் கோலத்தோடு நிற்கும் படத்துக்குக் கைப்பேசியே போதும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாடியை எப்போது மாற்றலாம்?

ஷட்டர் தேய்ந்து, ரிப்பேருக்குப் பாகம் கிடைக்காதபோது மாற்றலாம். நல்ல லென்ஸ் போட்டும் இருட்டில் படம் புள்ளி புள்ளியாக விழுந்தால் மாற்றலாம். பறக்கும் பறவையை ஃபோகஸ் பின்தொடரவில்லை என்றாலும், காமிராவே ஜீவனோபாயம் என்றாலும் மாற்றலாம். அப்போதும் இரண்டு தலைமுறை முந்தைய மாடலைக் கைமாறியதாக வாங்குவது பற்றி யோசியுங்கள். 'ஃபுல் ஃபிரேம்' என்று தாவுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். சிறிய சென்ஸாருக்கென்று செய்த லென்ஸ்கள் அதில் முழுப் பயன் தரா, கேனனின் இ.எஃப்-எஸ். லென்ஸ்கள் அதன் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். பாடிகளில் பொருந்தவே பொருந்தா. பாடியின் விலையோடு லென்ஸ்களின் விலையும் சேர்ந்து வரும்.

எந்தப் பழசு எதில் பொருந்தும்?

பாடிக்குள் இருப்பது எலக்ட்ரானிக்ஸ். சில வருஷங்களில் பழசாகிவிடும். லென்ஸில் இருப்பது கண்ணாடி. பத்திரமாக வைத்தால் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்கும். 2018-ல் கேனனும் நிக்கானும் புதிய மிர்ரர்லெஸ் மவுண்ட்களை அறிமுகப்படுத்தின. அதன் பிறகு பல ஸ்டூடியோக்காரர்கள் மாறிவிட்டதால் பழைய லென்ஸ்கள் விலைக்கு வருகின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

கேனன்: 1987 முதல் வந்த இ.எஃப். லென்ஸ்கள் அதன் எல்லா இ.ஓ.எஸ். டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களிலும் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். கேனனின் அடாப்டர் இருந்தால் புதிய ஆர்.எஃப். மிர்ரர்லெஸ்ஸிலும் அப்படியே. ஆகையால் இன்று வாங்கும் லென்ஸ் நாளைக்கும் உதவும். அதற்கு முந்தைய எஃப்.டி. லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று டி.எஸ்.எல்.ஆருக்கு வாங்கிவிடாதீர்கள். சாதாரண அடாப்டரில் தூரத்துப் பொருள் ஃபோகஸ் ஆகாது.

நிக்கான்: 1959-ல் வந்த எஃப் மவுண்ட்தான் டி.எஸ்.எல்.ஆர். வரை தொடர்ந்தது. ஆனால் உள்ளே பல வித்தியாசங்கள். ஏ.எஃப்-டி. வகை லென்ஸில் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3500, டி5600 போன்றவற்றில் அந்த மோட்டார் இல்லை. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். டி7200-ல் உண்டு. மிர்ரர்லெஸ்ஸுக்கான எஃப்.டி.இசட். அடாப்டரிலும் அந்த மோட்டார் இல்லை. சிறிய பாடி வைத்திருப்பவர்கள் ஏ.எஃப்-எஸ். வகையைத் தேடுங்கள். 1977-ல் ஏ.ஐ. முறை வருவதற்கு முந்தைய, திருத்தப்படாத லென்ஸ்களைப் பிற்காலப் பாடிகளில் மாட்டினால் உள்ளே இருக்கும் சிறு நெம்புகோல் உடையக்கூடும், விசாரிக்காமல் மாட்டாதீர்கள்.

மிர்ரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அதில் கண்ணாடி மடிப்பு இல்லாததால் மவுண்டுக்கும் சென்ஸாருக்கும் இடைவெளி மிகக் குறைவு. நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ.; சோனி இ மவுண்டில் 18 மி.மீ. மட்டும். மிச்சமுள்ள இடத்தில் ஒரு வெற்று வளையத்தை வைத்துவிட்டால் ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸையும் மாட்டலாம். அப்பாவின் பென்டாக்ஸ் கே 1000 லென்ஸ் பீரோவில் தூங்குகிறதா? எழுப்பிப் பாருங்கள். ஃபோகஸும் துவாரமும் கையால்தான். ஓடும் குழந்தைக்கு ஒத்துவராது. உட்கார்ந்து பேசும் பெரியவர்களுக்கு அருமையாக இருக்கும். யாஷிகா எலக்ட்ரோ 35 வைத்திருப்பவர்கள் மட்டும் முயல வேண்டாம். அதன் லென்ஸ் கழற்ற முடியாதது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

உங்கள் காமிராவையும் ஒரு சிறு டார்ச்சையும் கையோடு கொண்டுபோங்கள்.

1. துவாரத்தை முழுதும் திறந்து, டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. பால் ஊற்றியது போல் மங்கலாக இருந்தாலும் வேண்டாம். இரண்டொரு தூசிப் புள்ளி இருந்தால் பரவாயில்லை.

2. துவாரத்தின் தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சட்டென்று மூடித் திறக்க வேண்டும்.

3. ஃபோகஸ் வளையம் இழுபறியின்றிச் சீராகத் திரும்ப வேண்டும்.

4. முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பின் கண்ணாடியில் கீறல் என்றால் விட்டுவிடுங்கள். அது படத்தில் தெரியும்.

5. சுவரில் செய்தித்தாளை ஒட்டி, நேராக நின்று, முழுத் துவாரத்திலும் எஃப் 8-லும் படமெடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் கீழே விழுந்ததாக இருக்கலாம். பிறகு தெருவுக்கு வந்து தூரத்தில் சாமுண்டி மலையை ஃபோகஸ் செய்து பாருங்கள்.

6. சீரியல் நம்பர் எழுதிய பில்லும், ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் வாக்கும் கேளுங்கள். விலையோடு அடாப்டர், ஃபில்டர், சர்வீஸ் செலவையும் கூட்டிப் பாருங்கள். சேர்த்துப் பார்த்தால் புதியதன் விலை நெருங்குகிறதென்றால் புதியதே மேல், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் புதிதாகவே மலிவானது.

வாங்கியதைக் காப்பாற்றுங்கள்

மழைக் காலத்தில் நம் ஊரிலும் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிக்கும். தோல் உறையில் வைத்து பீரோவின் அடித்தட்டில் தள்ளிவிடுவதுதான் பெரிய தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அதன் மணிகள் நிறம் மாறியதும் புதியது போடுங்கள். மாதம் இருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

மிச்சமாகும் பணத்தை என்ன செய்வது?

இதற்கும் ஒரு யோசனை உண்டு. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில், இரண்டு தலைமுறைக்கு முந்தைய முகங்களைப் படமாக வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. வைத்திருப்பதும் பெரும்பாலும் ஸ்டூடியோவில் விறைத்து நின்ற ஒரே படம். தாத்தா உழுத நிலம், பாட்டி மாவரைத்த திண்ணை, கூரை மாற்றுமுன் இருந்த வீடு ஆகியவற்றை நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றுமில்லை. இப்போது ஊரில் இருக்கும் பெரியவர்களும் என்றைக்கும் இருக்கப் போவதில்லை.

தவணையில் போகவிருந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்துக் குடும்பத்தோடு ராத்திரி ரயிலில் ஊருக்குப் போய் வாருங்கள். 50 மி.மீ. லென்ஸைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். காலை எட்டு மணிக்கு வாசல் திண்ணையில் பாட்டியை உட்கார வைத்து, எஃப் 2.8-ல் வைத்துக்கொண்டு, "பாட்டி, நீங்க சின்ன வயசுல இங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். பாட்டி பேச ஆரம்பித்ததும் எடுக்கட்டும். ஊர் திரும்பியதும் அந்தப் படத்தை நல்ல தாளில் அச்சிட்டு, பின்பக்கம் பெயரும் ஊரும் தேதியும் எழுதி வையுங்கள்.