வலி மருந்தும் மலச்சிக்கலும்

வலியைப் போக்கும் மருந்துகளைப் பற்றி நேயர்கள் பலமுறை கேட்டிருப்பர். அம்மருந்துகளுள் சில வயிற்றில் விளைவிக்கும் ஒரு தொல்லையைப் பற்றி அவ்வளவாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அது கூச்சத்திற்குரிய பேச்சாகக் கருதப்படுவதே காரணம். சொந்த ஊரில் இருப்பவர் தம் குடும்ப வைத்தியரிடம், "மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை ஐயா" என்று தாய்மொழியில் சொல்லிவிடுவார். தில்லியிலும் போபாலிலும் நாக்பூரிலும் குடியேறிய நம்மவர், அதிலும் மகனோடு வந்து தங்கியிருக்கும் வயதான தாய்மார், அதனை எந்தச் சொல்லால் யாரிடம் சொல்வது என்று தயங்கி வாய்மூடி இருந்துவிடுகின்றனர். இத்தயக்கத்திற்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. ஆதலின் இன்று அதனையே பேச எடுத்துக்கொள்கிறோம்.

எல்லா வலி மருந்துகளும் மலத்தைக் கட்டுவன அல்ல. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் வாங்கும் பாராசிட்டமால் பொதுவாக இத்தொல்லையைத் தருவதில்லை. ஐபூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றிற்கு வேறு குறைகள் உண்டு. அவை வேறொரு நாள் பேச்சு. இங்கே குற்றவாளி அபினிக் குடும்பம். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி. அதிலிருந்து பிரித்தெடுப்பவை மார்பினும் கோடீனும். மத்தியப் பிரதேசம், இராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற உழவர் இச்செடியைப் பயிரிடுகின்றனர். அபினியைப் பக்குவம் செய்யும் அரசாங்க ஆலைகள் காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ளன. நேயர்களுள் சிலர் அவ்வூர்களுக்கு அருகிலேயே வசிக்கவும் கூடும். டிரமடால், ஃபெண்டனில் முதலியவை செடியிலிருந்து வாராமல் இரசாயனச் சாலையில் செய்யப்படுபவை; ஆயினும் குணத்தால் அதே குடும்பம்.

எலும்பு முறிவு, பெரிய அறுவைச் சிகிச்சை, புற்றுநோய் ஆகியவற்றின் கடும் வலிக்கு இவற்றை மருத்துவர் எழுதித் தருவர். டிரமடால் பெரும்பாலும் பாராசிட்டமாலோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வருவதால், உட்கொள்பவர் தாம் இத்தகைய மருந்தை உண்கிறோம் என்றே அறியார். உறையின்மேல் உள்ள சிறிய எழுத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது. 2018ஆம் ஆண்டு முதல் டிரமடால் போதைப் பொருட் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் வந்துவிட்டது. மருத்துவர் சீட்டின்றி அதனைப் பெற முயலலாகாது.

வலிக்குக் கொடுத்த மருந்து வயிற்றை ஏன் கட்டவேண்டும்? நம் குடல் வெறும் குழாயன்று. அதன் சுவரினுள்ளே நரம்புகளால் ஆன ஒரு வலை பின்னிக் கிடக்கிறது. அவ்வலையின் ஏவலால் குடல் உணவுக்குப் பின்னே சுருங்கியும் முன்னே விரிந்தும், அலை போல் அதனை நகர்த்திச் செல்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் எந்தப் பூட்டைத் திறந்து அபினி மருந்து வலியை அடக்குகிறதோ, அதே வகைப் பூட்டுகள் இக்குடல் நரம்புகளிலும் இருக்கின்றன. சாவிக்குப் பூட்டு எங்கிருந்தால் என்ன? மருந்து அங்கும் சென்று பொருந்துகிறது. உடனே தள்ளும் அலை தளர்கிறது. குடல் ஓரிடத்திலேயே நின்று பிசைகிறது, சரக்கு நகர்வதில்லை. குடலில் சுரக்கும் நீர் குறைகிறது. மலம் நெடுநேரம் தங்குவதால் அதிலுள்ள நீரையும் உடல் உறிஞ்சிவிட, அது காய்ந்து இறுகுகிறது. ஆசனவாயின் தசையும் இறுகி நிற்கிறது. நிற்காத வயிற்றுப்போக்கிற்கு அபினி கொடுத்து நிறுத்தும் வழக்கம் முற்காலத்தில் இருந்ததன் காரணம் இதுவே. இன்று வயிற்றுப்போக்கிற்குத் தரும் லோப்பரமைடு என்னும் மாத்திரையும் இக்குடும்பத்தின் ஒரு கிளைதான். அது மூளையை எட்டாமல் குடலோடு நின்றுகொள்ளும்.

இதில் நேயர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. இம்மருந்து தரும் உறக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலோர்க்குச் சில நாட்களில் தணிந்துவிடும், உடல் பழகிக்கொள்ளும். மலச்சிக்கலுக்கு மட்டும் உடல் பழகுவதில்லை. மருந்து உள்ளவரை அதுவும் உடனிருக்கும். ஆதலின், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருப்பதில் பயனில்லை. வலி மருந்து தொடங்கும் அன்றே மலமிளக்கி மருந்தும் தொடங்கப்பட வேண்டும் என்பது வலி நீக்கு மருத்துவத்தில் தேர்ந்தவர்களின் விதி. சீட்டில் ஒன்று எழுதப்பட்டு மற்றொன்று விடுபட்டிருந்தால், நாமே நினைவூட்டிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர். முதுகெலும்பு வரை பரவிய புற்றுநோய். மார்பின் மாத்திரையால் வலி தணிந்து, இரண்டு வாரம் எழுந்து உட்கார்ந்து பேத்திக்குத் தலை பின்னிவிட்டார். பின்னர் முனகலும் அழுகையும் திரும்பின. நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் கலங்கினர். உண்மை வேறு. ஐந்து நாளாக மலம் கழியாத வேதனை தாளாமல், அம்மையார் மாத்திரையை வாயிலிட்டுக்கொண்டு, மருமகள் அப்பால் சென்றதும் உமிழ்ந்துவிட்டு வந்திருக்கிறார். மகனிடம் சொல்லக் கூச்சம். மருத்துவரிடம் சொல்ல மொழியில்லை. தாதி ஒருத்தி சைகையால் கேட்டறிந்து, எனிமா கொடுத்து, நாள்தோறும் உண்ணும் மலமிளக்கிக்கும் வழிசெய்தபின் மார்பின் மீண்டும் வயிற்றில் தங்கியது, வலியும் அடங்கியது. மருந்தை மறைத்து நிறுத்துவோர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். நெடுநாள் உண்டுவந்ததைத் திடீரென நிறுத்தினால் வலி திரும்புவதோடு நடுக்கம், வியர்வை, வயிற்றுப் பிசைவு முதலிய வேறு துன்பங்களும் வரும்.

மலச்சிக்கல் என்றதும் வடநாட்டு அண்டை வீட்டார் அன்போடு கொண்டுவந்து தருவது இசப்கோல் உமி. குஜராத்தின் உஞ்சா நகரம் அதற்குப் பேர்போன சந்தை. சாதாரண மலச்சிக்கலுக்கு அது நல்ல பொருளே. ஆனால் இங்கே அது பொருந்தாது. இசப்கோல் தண்ணீரை ஏற்று உப்பி, மலத்தின் பருமனைக் கூட்டும். அப்பருமனை உணர்ந்து குடல் தள்ளும் என்பதே அதன் உத்தி. அபினி மருந்தால் தள்ளும் சக்தியே உறங்கிக் கிடக்கும் குடலில் உப்பிய பொருள் அங்கேயே தேங்கும். தண்ணீரும் குறைவாகப் பருகும் படுக்கை நோயாளியாயின் அடைப்பே ஏற்படக் கூடும். தவிடு முதலியவற்றை அளவின்றிச் சேர்ப்பதும் இத்தகையதே. அண்டை வீட்டாரின் அன்பை ஏற்றுக்கொண்டு, உமியை வீட்டில் வேறொருவருக்கு வைத்துக்கொள்ளலாம்!

இங்கே வேண்டுவது உறங்கும் குடலைத் தட்டி எழுப்பும் மருந்து. அவற்றுள் ஒன்று நமக்கு மிக உறவானது. நிலாவாரை என்று சித்த வைத்தியர் கூறும் இலையை உலக மருந்து நூல்கள் 'திருநெல்வேலி சென்னா' என்றே குறிக்கின்றன. தென்பாண்டிச் சீமையின் வறண்ட நிலத்தில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியே கடல் கடந்தது அது. இந்தி பேசுவோர் 'ஸனாய்' என்பர். அதன் சத்து சிறுகுடலில் செயலற்றுக் கடந்து, பெருங்குடலை அடைந்தபின் அங்குள்ள நுண்ணுயிர்களால் மாற்றப்பட்டுக் குடலைத் தூண்டுகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகுமாதலின், இரவு படுக்கும்முன் உண்டால் காலையில் பலன் தெரியும். இலையைக் கைப்பிடி கணக்கில் கஷாயம் வைப்பதைவிட, அளவு குறித்த மாத்திரையாக உண்பதே நன்று.

பிஸகோடில் என்னும் மாத்திரையும் இவ்வகையினது. அதற்கு இரைப்பையில் கரையாத மேற்பூச்சு உண்டு. பொடித்தோ பாலுடனோ உண்டால் பூச்சு முன்னரே கரைந்து வயிற்றைப் புரட்டும். இரவில் பாலும் மாத்திரையும் சேர்த்து உண்ணும் நம் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். லாக்டுலோஸ், பாலி எதிலீன் கிளைக்கால் ஆகியவை மலத்தில் நீரைத் தக்கவைத்து இளக்குபவை. பலன் தெரிய ஓரிரு நாள் பிடிக்கும். இவ்விரு வகைகளையும் சேர்த்துத் தருவதும் உண்டு. மக்னீசியம் கலந்த பேதி உப்புகளைச் சிறுநீரக நோயுள்ளோர் தாமாக உண்ணலாகாது. பாட்டியின் விளக்கெண்ணெய்க்கு நம் மதிப்பு உண்டு. எனினும் நாள்தோறும் உண்பதற்கு அது ஏற்றதன்று.

"தினமும் பேதி மருந்தா? குடல் சோம்பி அதற்கே பழகிவிடாதா?" என்று சிலர் அஞ்சுவர். சோம்பலைத் தருவது வலி மருந்து. மலமிளக்கி அதனை ஈடுசெய்கிறது. மருத்துவர் சொன்ன அளவில் நாள்தோறும் உண்பதே முறை. மூன்று நாள் விட்டு ஒரே நாளில் பேதியாக்குவது உடலை வாட்டும். வலி மருந்தின் அளவு கூடும்போது மலமிளக்கியின் அளவையும் கூட்ட வேண்டியிருக்கலாம், அதனைக் கேட்டறிக.

உணவாலும் பழக்கத்தாலும் மட்டும் இச்சிக்கல் தீராது. மருந்துக்கு அவை துணை நிற்கும். வடநாட்டுக் குளிர்காலத்தில் தாகம் தோன்றாமையால் நம்மவர் தண்ணீரை மறந்துவிடுகின்றனர். வெந்நீராகவோ ரசமாகவோ நீர்த்த மோராகவோ அடிக்கடி பருகலாம். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் மருத்துவர் விதித்த அளவை மீறக் கூடாது. கனிந்த பப்பாளி, கொய்யா, கீரை ஆகியவை ஏற்றவை. காலை உணவு வயிற்றில் விழுந்தவுடன் பெருங்குடல் இயல்பாகவே அசையும். அவ்வேளையில் அவசரமின்றிக் கழிப்பறைக்குச் செல்வது நல்லது. மேல்நாட்டு முறைக் கழிப்பறையாயின் காலடியில் சிறிய பலகையொன்றை வைத்து முழங்காலை உயர்த்தினால், குந்தி அமரும் நிலை ஓரளவு கிட்டும். படுக்கையிலேயே இருப்பவர்க்குத் திரை ஒன்று கட்டித் தனிமை தருவதும் மருந்துக்கு ஒப்பானது.

இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வாந்தியை நிறுத்தும் ஆண்டன்செட்ரான் முதலியனவும் மலத்தைக் கட்டும். ஆகவே உண்ணும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது சிறந்த வழி.

இனிச் சொல்லுக்கு வருவோம். மொழிபெயர்ப்புத் தொழிலில் காலம் கழிப்போர்க்கு இவ்விடத்தில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. இந்தியில் 'கப்ஜ்' என்பர். இறுகப் பிடித்தல் என்று பொருள்படும் அரபு வேரிலிருந்து வந்த சொல் அது. நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் 'கப்ஜா'வும் அதன் உடன்பிறப்பே. குஜராத்தியில் 'கப்ஜியாத்', மராத்தியில் 'பத்தகோஷ்டதா', தெலுங்கில் 'மலபத்தகம்', மலையாளத்தில் 'மலபந்தம்'. இவை நினைவில் நில்லாவிடின், "பேட் ஸாஃப் நஹீன் ஹோதா" என்றால் இந்தி பேசும் எந்தத் தாதிக்கும் விளங்கும்; நாட்களை விரலால் காட்டிவிடலாம். 'மோஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லோ எந்த மாநிலத்து மருத்துவமனையிலும் செல்லுபடியாகும் நாணயம். வீட்டுப் பெரியவரிடம் நாள்தோறும் கேட்டு, போன நாளைக் காலண்டரில் ஒரு புள்ளியாகக் குறித்து வருவது பிள்ளைகளின் கடமை.

மூன்று நாள் கடந்தும் மலம் கழியாவிடில் மருத்துவரை அணுக வேண்டும். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், விட்டுவிட்டுப் பிசையும் வலியும் வாந்தியும் இருப்பின் குடல் அடைப்பாக இருக்கலாம்; அந்நிலையில் பேதி மருந்து எதனையும் கொடாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. மற்றொரு மயக்கும் குறியும் உண்டு. பல நாள் கட்டியிருந்தவருக்குத் திடீரென நீராகக் கசியத் தொடங்கும். வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதனை நிறுத்த மாத்திரை கொடுத்துவிடுவர். உண்மையில், இறுகிய மலக்கட்டியைச் சுற்றி நீர்மலம் வழிந்து வருகிறது. இதனை மருத்துவர் பரிசோதித்தே அறிய இயலும்.

சாதாரண மலமிளக்கிகளால் தீராதபோது, மெதில்நால்ட்ரெக்ஸோன், நலாக்ஸகால் என்னும் மருந்துகள் உள்ளன. இவை குடலின் பூட்டுகளிலிருந்து மட்டும் அபினி மருந்தை விலக்கும். மூளையைப் பெரிதும் எட்டாமையால் வலித்தணிவு கெடுவதில்லை. அடைப்பு இல்லை என்று உறுதிசெய்து மருத்துவரே இவற்றைத் தர வேண்டும். சிலருக்கு வலி மருந்தையே மாற்றித் தருவதும் உண்டு. தோலில் ஒட்டும் ஃபெண்டனில் பட்டையால் மலச்சிக்கல் சற்றுக் குறைவு.

அறுவைச் சிகிச்சைக்குப்பின் சில நாட்களே வலி மருந்து உண்டவர், அதனை நிறுத்தியபின் மலம் இயல்பாகக் கழியும் வரை மலமிளக்கியைத் தொடர்ந்து, பிறகு விட்டுவிடலாம். நெடுநாள் உண்பவர் எந்த மருந்தை எப்போது குறைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்தல் வேண்டும்.